ஏழாவது சிலிண்டர்

சுவாமே பட்டறைப் பேட்டை,
குமாசி.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணன் ஃப்ரிம்போங் அவர்களுக்கு,

தங்கை செர்வா எழுதிக்கொள்வது. எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. இந்த வீட்டில் ஒரு மனிதர் உட்கார மாட்டேன் என்கிறார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் உட்காரப் பிடிக்கவில்லை. இதைக்கூட என் போல்ட் நட்டுக் கடையில் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இங்கே மழை விட்டுவிட்டது, பேட்டை முழுக்கச் சேறு. அபிஜானில் டாக்சி ஓட்டம் எப்படி? கென்கே கிடைக்கிறதா, இல்லை அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கே நாக்கு பழகிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடு.

இனி, நம் சந்து மேஸ்திரிகள் எல்லோரும் சேர்ந்து கட்டின அந்த இன்ஜின் விஷயம். பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கசக்கி எறியாதே. முழுசாகப் படி.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகும் ஆறு சிலிண்டரோடுதான் அதைக் கட்டினார்கள். நம் சந்தில் ஆறு பட்டறை, ஆறு மேஸ்திரி. ஆளுக்கொரு பழைய பீட்டில் காரிலிருந்து கழற்றிய சிலிண்டர் ஒன்று. அதில் ஒருவர் கொடுத்ததை ஒதுக்கிவைத்தால் அவருக்கு அவமானம் என்று உன் மச்சான் ஒரே பிடியாக நின்றார். பழைய விமானத்தில் இருப்பது போல நடுவில் ஒரு தண்டு, சுற்றிலும் ஆறு சிலிண்டர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நீ அன்றைக்கே சொன்னாய். எல்லோரும் ஒரே கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஃபூஃபூ சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "இப்ப ஒருத்தர விட்டு ஒருத்தருக்குக் கறி வச்சுக்கிட்டே போறேன்னு வையுங்க. அஞ்சு பேருன்னா ரெண்டே சுத்துல எல்லாருக்கும் கெடைக்கும். ஆறு பேருன்னா மொதல்ல தின்ன மூணு பேருக்கேதான் திரும்பத் திரும்பப் போகும். மத்த மூணு பேரு பட்டினி. இதுல தீ பிடிக்கிற முறையும் அப்படித்தான்" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். வலது கை குழம்பில் இருக்க, இடது கையை நீட்டி ஒபெங் மேஸ்திரியின் சிலிண்டரைக் காட்டி, "அதத் தூக்கிப் போடுங்க" என்றாயே, யாருக்குத்தான் பொறுக்கும்? வயசில் மூத்தவர். அவர் சாப்பாட்டை விட்டு எழுந்தார். "ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்கு இன்ஜின் வயித்துக்குள்ள என்னடா வேலை?" என்றார். உன் மச்சான் அவர் பக்கம் பேசினார். நீ உன் பீட்டில் காரை என் வீட்டு வேப்ப மரத்தடியில் விட்டுவிட்டு, சாவியை என் கையில் திணித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டாய். கையைக் கழுவிவிட்டாவது காட்டியிருக்கலாமே அண்ணா.

போன மாதம் அதை ஓட்டிப் பார்த்தார்கள். பட்டினி கிடக்கும் மூன்று சிலிண்டருக்கும் பங்கு கிடைக்க உன் மச்சான் ஏதோ தந்திரம் செய்திருந்தார். தீ ஒரு இடத்தில் இரண்டைத் தாண்டிக் குதிக்கும், ஒரு இடத்தில் பக்கத்துச் சிலிண்டரிலேயே முட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம்தான். அதை ஏற்றி வைத்திருந்த தாங்கி உடைந்து, இன்ஜின் தானாகவே சேற்றில் ஊர்ந்து நேராக என் கடைக்குள் வந்து நின்றது. நான் மேஜை மேல் ஏறிக்கொண்டேன். அளவு வாரியாகப் பிரித்து வைத்திருந்த போல்ட்டெல்லாம் ஒன்றாய்க் கலந்துவிட்டன. யாருக்கும் அடியில்லை. நான்தான் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டே அழுதேன், போல்ட்டுக்காக இல்லை.

ஒன்றைக் கழற்றத்தான் வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. "என்னோடத எடுத்துக்க" என்று ஆறு பேரும் சொல்கிறார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கழற்ற மனசு வராது. அப்புறம் மதியச் சாப்பாட்டை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தார்கள். அந்தப் பெரிய கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

அன்றிலிருந்துதான் உன் மச்சானுக்கு இந்த நிலைகொள்ளாமை. நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றினார். என் மிளகாய் அரைக்கும் மிஷினைக் கழற்றினார். கதவுக் கீலைக் கழற்றி மறுபடி மாட்டினார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுகிறார். பிறகு ஒருநாள் பழைய பிஸ்டன்களை உருக்கி, இன்ஜினின் நடுக்கூட்டைப் புதிதாக வார்க்கத் தொடங்கினார். அவர் குளிக்கப் போனபோது போய்ப் பார்த்தேன். சுற்றிலும் ஏழு ஓட்டை. ஆறில் பழைய சிலிண்டர்கள் அதே வரிசையில். ஏழாவதைத் துணியால் மூடி வைத்திருந்தார். கேட்டதற்கு, "அது காத்துப் போறதுக்குடி" என்றார். இத்தனை வருஷமாக இன்ஜின் சாமான் விற்கிறவளிடம் சொல்கிற பதிலா இது?

கடைக்கு வந்து ஏழு வேர்க்கடலையை வட்டமாக அடுக்கினேன். ஒன்று விட்டு ஒன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன். இரண்டே சுற்றில் ஏழும் முடிந்துவிட்டது. யாரையும் எழுப்பிவிட வேண்டாம், இன்னொருவரை உட்கார வைத்தால் போதும். அன்றைக்கு உங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை பார். உனக்கும்தான்.

உன் கார் மரத்தடியில் அப்படியேதான் நிற்கிறது. பின் சீட்டில் கோழி முட்டையிடுகிறது, கோபித்துக்கொள்ளாதே. இவர் காலையிலும் சாயங்காலமும் அங்கே போகிறார். பின் மூடியைத் திறந்து இன்ஜினைப் பார்க்கிறார், தூசியைத் துடைக்கிறார், மூடிவிட்டு வருகிறார். ஸ்பேனர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. "இதுல ஒரு சிலிண்டர எடுத்துக்கோங்களேன், அண்ணன் ஒண்ணும் சொல்லாது" என்று நானே சொல்லிப் பார்த்தேன். "உங்கண்ணன் வண்டியில கை வைக்க மாட்டேன். அவன்கிட்டக் கேக்கவும் மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி வாசலுக்குப் போய்விட்டார். பஸ் வருகிற சத்தம் கேட்டாலே அங்கே போய் நின்றுவிடுவார்.

ஒபெங் மேஸ்திரி நேற்று ஒரு டஜன் வாஷர் வாங்க வந்தார். அவர் கடையிலேயே மூட்டை மூட்டையாய் வாஷர் கிடக்கிறது. போகும்போது திரும்பி, "அந்த எடது கைக்காரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். நீ ஒரு சாராயப் பாட்டிலோடு போய் மன்னிப்புக் கேட்டால் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்தான். ஆனால் பாட்டிலைத் திருப்பித் தரமாட்டார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். "எடுத்துக்கொள்ளச் சொல்" என்று பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்று நினைக்காதே. அப்படி ஒரு கடிதம் வந்தால் அடுப்பில் போட்டுவிடுவேன், அவர் கண்ணில் காட்டமாட்டேன். சிலிண்டர் கிடைத்துவிட்டால் அவர் வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார், நான் நிறுத்தமாட்டேன். நீயே வந்து உன் கையால் கழற்றிக் கொடு. வலது கையால். கார்ச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, கிண்ணத்தையும் இன்றைக்குக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

உன்னைக் கடவுள் பத்திரமாக எல்லை தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் நின்றுகொண்டே இருக்கும் உன் தங்கை,
செர்வா