இருநூற்றைம்பது என்று எழுதினேன்

யெலோவா,
அக்டோபர் 21, செவ்வாய்

அன்புள்ள தமியானுக்கு,

உன் அண்ணி மெட்கா எழுதிக்கொள்வது. நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நார்வேயில் இதற்குள் பனி விழ ஆரம்பித்திருக்கும். கப்பல் பட்டறையில் வேலை என்று மட்டும் தெரியும். உள்ளே வேலையா, திறந்த வெளியிலா என்று தெரியவில்லை. திறந்த வெளி என்றால் கால்களைப் பார்த்துக்கொள். போன குளிர்காலத்தில் உன் பூட்ஸ் ஒழுகிக்கொண்டிருந்தது.

உன் முகவரியை நான் யாரிடமும் கேட்கவில்லை. மார்ச் மாதத் தீ பற்றிய விசாரணை அறிக்கை போன வாரம் வந்தது. அதோடு இணைத்திருந்த தாள்களில் ஒன்றில் இருந்தது. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

முதலில் உன் அண்ணன். ஆஸ்பத்திரியில் ஒன்பது வாரம் இருந்தார். நீ பார்த்தது முதல் மூன்று வாரம்தான். இப்போது வீட்டில் இருக்கிறார். நுரையீரல் பாதிக்கு மேல் வேலை செய்கிறது, இதற்கு மேல் தேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதா கோயில் வரை நடப்பார், வழியில் இரண்டு முறை நின்று. கூரை வேலைக்கு இனி போக முடியாது. பள்ளிக்கூடத்தில் வாயில் காவலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள், எழுதிப் போட்டிருக்கிறோம். கை நடுங்குவதால் பேனா பிடிக்க வராது. அதனால்தான் நான் எழுதுகிறேன். அவர் உனக்கு ஆறு முறை போன் செய்தார். நீ எடுக்கவில்லை. அதற்காக அவருக்குக் கோபம் இல்லை. "அவன் கை வேலையா இருப்பான்" என்று ஒவ்வொரு முறையும் அவரே சொல்லிக்கொள்வார்.

உர்ஷ்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, ஜனவரியில். பிறந்து வளரும் வரை மூச்சுக் கருவி மாட்ட மாட்டாள். நம் தீயணைப்புப் படையில் அவள் இடத்துக்கு ஆள் தேடுகிறோம். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிற ஹிங்கோ மாதம் ஒரு முறை விறகு கொண்டுவந்து கேட்டருகே இறக்கிவிட்டுப் போகிறான். உள்ளே வா என்றால் வருவதில்லை. பிளம் மரம் இந்த வருடம் அளவுக்கு மீறிக் காய்த்தது. பாதியை எடுக்கவே முடியவில்லை, குளவி தின்றுவிட்டது.

இனி அறிக்கைக்கு வருகிறேன். நீ ஆலைக்கு வந்து சேர்ந்தபோது 2.34. அதற்கு முன் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. பிறர் சொல்லிக் கேட்டிருப்பாய். விசாரணையில் நான் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

அன்று காற்றுக் கணக்குப் பலகை என் பொறுப்பு. உள்ளே போகிறவர்கள் பெயர்த் தகட்டை என்னிடம் தந்துவிட்டு, சிலிண்டரில் காற்று எவ்வளவு என்று படித்துச் சொல்ல வேண்டும். நான் நேரத்தோடு எழுதிக்கொண்டு அவர்கள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். போ என்பதும் வா என்பதும் என் வேலை. தளபதியே ஆனாலும் தகடு தராமல் என்னைத் தாண்டக் கூடாது.

மரம் உலர்த்தும் கூடத்தில் புகை. ஹிங்கோ உள்ளே இருக்கிறான் என்று ஆலைக்காரர்கள் கத்தினார்கள். முதல் ஜோடி உன் அண்ணனும் மாத்தியாவும். மாத்தியாவின் சிலிண்டர் நிறைந்திருந்தது, மீட்டரைப் பார்த்து முந்நூறு என்றான். உன் அண்ணன் இருநூற்றைம்பது என்றார்.

இருநூற்று எழுபதுக்குக் கீழே இருந்தால் யாரையும் அனுப்பக் கூடாது என்பது நம் படையின் விதி. சிலிண்டரை மாற்ற ஒரு நிமிடம் போதும், வண்டியில் நான்கு நிறைந்த சிலிண்டர்கள் இருந்தன. நான் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "உள்ள ஒரு ஆள் இருக்கான் மெட்கா, எழுது. பாத்துக்கிட்டே நிக்காத" என்றார். நான் 2.17 என்றும் இருநூற்றைம்பது என்றும் எழுதினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

ஐந்தாவது நிமிடம் வாக்கி-டாக்கியில் கேட்டேன். இருநூறு என்றார். பத்தாவது நிமிடம் நூற்று நாற்பது. திரும்பி வா என்றேன். "இன்னும் ஒரே ஒரு ரூம்" என்றார். ரூமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், திரும்பு என்றேன். திரும்பினார்கள். அவர் என் சொல்லைத் தட்டினார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவர் திரும்பி வந்துகொண்டிருந்தபோதுதான், 2.31க்கு, உலர அடுக்கியிருந்த மரங்கள் நடைவழியில் சரிந்தன. மாத்தியா இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

மாத்தியா தனியாக வெளியே வந்தான். ஜோடியாகப் போனவர்களில் ஒருவன் மட்டும் வாசலில் வந்து நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பின்னாடிதான் வந்தாரு, பின்னாடிதான் வந்தாரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே ஆள் அசையாமல் போனால் அலறும் கருவி அலற ஆரம்பித்தது. தயாராக நின்ற உர்ஷ்காவையும் திலேனையும் 2.33க்கு அனுப்பினேன்.

பிறகு நீ வந்தாய். வண்டியில் இருந்த கருவியை மாட்டிக்கொண்டு ஓடி வந்து, "அண்ணி, தகட்டப் பிடிங்க, நான் போறேன்" என்றாய். உன் ஜோடி யார் என்று கேட்டேன். "ஜோடியா? உள்ள கெடக்கிறது எங்க அண்ணன்!" என்றாய். நான் தகட்டை வாங்கவில்லை. உர்ஷ்காவும் திலேனும் உள்ளே இருந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆனால் போவதற்கு வெளியே மூச்சுக் கருவியோடு இருந்தவன் நீ ஒருவன்தான். மாத்தியாவின் சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தது. பக்கத்து ஊர்ப் படை வர ஆறு நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். ஆள் வரும், அதுவரை நில் என்றேன்.

"உங்களுக்குப் புருஷன் வேணாம், கணக்குதான் வேணும். அந்தப் பலகையையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. நீ தள்ளியதில் பலகை சேற்றில் விழுந்தது. தளபதி லோவ்ரோ உன்னை இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தார். நான் பலகையை எடுத்துத் துடைத்தேன். காற்று எவ்வளவு என்று உர்ஷ்காவைக் கேட்டேன். இருநூற்று முப்பது என்றாள். எழுதினேன்.

அவரை வெளியே கொண்டுவந்தது 2.45. காற்று தீர்ந்தது 2.42 வாக்கில் என்று கணித்திருக்கிறார்கள். சிலிண்டரில் இன்னும் ஐம்பது இருந்திருந்தால் ஐந்து நிமிட மூச்சு கூடக் கிடைத்திருக்கும் என்று பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை நான் மார்ச் மாதமே போட்டுவிட்டேன். ஹிங்கோ அன்று பல் பிடுங்க மாரிபோருக்குப் போயிருந்தான், யாரிடமும் சொல்லாமல். அதுவும் அறிக்கையில் இருக்கிறது, ஒரே வரியில்.

உன்னை நிறுத்தியது சரி என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை உனக்குக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீ போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன்னிடம் போகாதே என்று சொன்ன வாய், பதினேழு நிமிடத்துக்கு முன் உன் அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என் வேலை. விசாரணையிலும் இப்படியே சொன்னேன். ஒரு வருடம் பலகையைத் தொடக் கூடாது, திரும்பவும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. ஒப்புக்கொண்டேன். நிலையத்துக்குப் போகிறேன், குழாய் கழுவுகிறேன்.

நீ வேலை கிடைத்தது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனபோது, என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகிறாய் என்று நினைத்தேன். ஏழு மாதமும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் நானும் எழுதவில்லை.

போன வியாழக்கிழமை அறிக்கையைச் சமையலறை மேஜையில் வைத்து உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் உன் கடிதம். நீ விசாரணை அதிகாரிக்கு எழுதியது. அதை நான் படிக்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், படித்தேன். தீக்கு முந்தின சனிக்கிழமை சிலிண்டர்களைச் சோதித்து முந்நூறு என்று கையெழுத்துப் போட்டவன் நீ, எல்லா மீட்டரையும் பார்த்தாயா, பழக்கத்தில் எழுதினாயா என்று உனக்கே உறுதியில்லை, தவறு உன்னுடையது, அண்ணியை எதுவும் கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய்.

உன் அண்ணனுக்கு அந்த வாரம் நினைவில் இல்லை. புகை மூளையில் செய்த வேலை அது. துண்டு துண்டாகத்தான் திரும்பி வருகிறது. உன் கடிதத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். ஸ்பூனைக் கீழே வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மறுநாள் ஞாயித்துக்கிழமை மழலைப் பள்ளிப் புள்ளைங்க நம்ம நிலையத்துக்கு வந்துச்சுல்ல. ஒரு பொண்ணு மாஸ்க்கப் பாத்து அழுதுச்சு. தீ புடிச்சா இப்படித்தான் வருவோம், பயந்து கட்டிலுக்கு அடியில ஒளியாதீங்கன்னு மாட்டிக் காட்டினேன். தரையில தவழ்ந்தேன். அதுங்களுக்கு ஒரே சிரிப்பு, இன்னொரு தடவ இன்னொரு தடவன்னு. எட்டு பத்து நிமிஷம் இருக்கும். சிலிண்டர மாத்தணும்னு நெனச்சேன் மெட்கா. அப்ப போன் வந்துச்சு."

போன் செய்தது நான். சூப் ஆறுகிறது, வா என்று.

"தம்பி சரியாத்தான் பாத்திருக்கான். அவன் பாக்காம எழுத மாட்டான்டி. முட்டாப்பய, ஏழு மாசமா இத சுமந்துக்கிட்டா அங்க கெடக்கான்?" என்றார். அதன் பிறகு அவருக்கு இருமல் வந்துவிட்டது.

இது அவர் கற்பனையோ, உன்னைக் காப்பாற்றச் சொல்வதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நீயும் அப்படித்தான் நினைப்பாய். வெள்ளிக்கிழமை மழலைப் பள்ளி ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். அவள் தன் போனில் எடுத்த படம் காட்டினாள். உன் அண்ணன் முழங்காலில் நிற்கிறார், முகத்தில் மாஸ்க், முதுகில் கருவி. கருவியின் எண் தெளிவாகத் தெரிகிறது. நான்கு. தீ பிடித்த புதன்கிழமை அவர் கருவி எண் என்று நான் பலகையில் எழுதியதும் நான்கு. படத்தைப் பெரிதாக்கி இதோடு வைத்திருக்கிறேன். எண்ணை நீயே பார்த்துக்கொள்.

நேற்று அவர் அதிகாரியைப் பார்க்கப் போனார். இரண்டாம் மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. நான் போன் செய்து கீழே வரச் சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். நான்கு முறை உட்கார்ந்து ஏறினார். சொல்ல வேண்டியதைத் தானே சொல்லி, நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருத்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் வந்து சேரும் வரை நீ காத்திருக்க வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

யார் மேல் எவ்வளவு என்று நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். உன் பங்கு என்று எதுவும் வரவில்லை. என்னிடம் நீ கத்தியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நவம்பர் பதினொன்று மார்ட்டின் பண்டிகை. லோவ்ரோ வீட்டில் இந்த வருடம் ஒயின் நன்றாக வந்திருக்கிறதாம். வாத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று பேருக்கு. லீவு தருவார்களா என்று கேட்டுப் பார். தராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு வா. அதுவும் முடியாவிட்டால் அவர் போன் செய்யும்போது எடு. பேச ஒன்றும் வராவிட்டால் பரவாயில்லை, மூச்சு விடுவது கேட்டால் போதும் அவருக்கு.

வருவதாக இருந்தால் எந்த ரயில் என்று எழுது. அவர் ஸ்டேஷனுக்கு வந்தே தீருவார், நான் சொன்னால் கேட்க மாட்டார். மேம்பாலப் படியில் அவரால் ஏற முடியாது. ரயிலை விட்டு இறங்கியதும் அங்கேயே நின்று தேடாதே. படியைக் கடந்து நீ இறங்கி வா. கீழே நாங்கள் இருவரும் நிற்போம்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். கால்களை ஈரமாக வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் அண்ணி
மெட்கா