சேற்றுக்கு மேலே ஒரு பலகைப் பாதை

என் தங்கமான மாப்பிள்ளைக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கிள்ளான் கடலோரத்தில் உன் அஸ்தியைக் கரைக்கப் போய்ச் சேற்றில் நின்றோமே, அதே இடத்தில் இப்போது பலகைப் பாதை நிற்கிறது. அரசாங்கம் உதவித்தொகை கொடுத்துப் போட்ட பாதை. சின்னத் தொகைதான். நான் ஊரில் சொல்லும்போது கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது, நீ கண்டுகொள்ளாதே.

அன்றைக்கு நடந்ததை நீ பார்த்தாயா? கடல் வற்றி எங்கோ போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, ஈயம் பூசியதுபோல் மினுங்கியது. பிள்ளை இல்லாத வீடு, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று உன் பெண்டாட்டி, என் தங்கை பார்வதி, பானையோடு இறங்கினாள். பத்தடிக்குள் முழங்கால்வரை புதைந்துபோனாள். கிளிஞ்சல் பொறுக்கும் மலாய்க்காரர் மாட் அண்ணன்தான் பானையை வாங்கி, சேற்றில் சறுக்குப் பலகையைத் தள்ளிக்கொண்டே போய் உன்னைக் கடலில் சேர்த்தார்.

நல்ல மனிதர். ஆனாலும் பார்வதிக்கு மனசு ஆறவில்லை. "என் கையால விட முடியலையே அண்ணே" என்று வீட்டில் ஒரே பேச்சு. வருஷத் திதிக்காவது தன் காலால் நடந்துபோய் அந்தத் தண்ணீரைத் தொட வேண்டும் என்றாள்.

கடலோர மக்கள் சேர்ந்து செய்யும் சின்ன வேலைகளுக்கு உதவித்தொகை உண்டு என்று மாட் அண்ணன்தான் வந்து சொன்னார். அவருக்குப் படகிலிருந்து கூடையை இறக்க வழி வேண்டும், எங்களுக்கு உன்னிடம் வர வழி வேண்டும். அவர் ஆட்களும் நம் கோயில் கமிட்டியும் ஒரே விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டோம். மலாயில் எழுதியது நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் மலாயைப் படித்துவிட்டு ஷா ஆலம் அரசாங்க ஆப்பீசே எழுந்து நின்றதாகக் கேள்வி.

இடத்தைப் பார்க்க ஆள் வரும், நாளும் நேரமும் நீங்களே சொல்லுங்கள் என்று கடிதம் வந்தது. நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பஞ்சாங்கத்தைப் பிரித்தார்கள். ராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை, காலை பத்து மணி, அருமையான நேரம். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மாட் அண்ணனை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அப்போதே தெரியும். மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை.

வந்தது ஒரு பெண் அதிகாரி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரி, பெயர் சாந்தி. கடல் நிறைந்து கரைக் கல்லை நனைத்துக்கொண்டிருந்தது. பொட்டுச் சேறு இல்லை.

"அங்கிள், சேறு எங்க? தண்ணி கால்கிட்டயே நிக்குது லா. இதுக்கு எதுக்குப் பலகை?"

"நல்ல நேரம் பாத்துத்தாம்மா வரச் சொன்னோம்" என்றார் கமிட்டித் தலைவர்.

"நல்ல நேரந்தான். கடலுக்கு."

பைலை மூடிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தாள். பார்வதி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாய் தானாகத் திறந்தது.

"ஒரு நிமிஷம்மா! என் மாப்பிள்ளை உயிர் போறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாரு, 'மச்சான், கடல் எவ்ளோ தூரம் போனாலும் பார்வதி என்கிட்ட நடந்து வரணும், ஒரு வழி பண்ணிக் குடு'ன்னு."

சாந்தி நின்றாள். "தண்ணி எப்ப இறங்கும்?"

"நாலு மணி ஆகும்" என்றார் மாட் அண்ணன்.

அவள் போகவில்லை, மாப்பிள்ளை. வாகை மர நிழலில் எங்களோடு உட்கார்ந்துவிட்டாள். பார்வதி தேநீர் ஊற்றினாள். தூங்குகிறவர் மேலிருந்து போர்வையை மெல்ல இழுப்பதுபோல் கடல் விலகிக்கொண்டே போனது. முதலில் கல் தெரிந்தது, பிறகு ஈரம், பிறகு சேற்றில் நண்டுகளின் குட்டிக் குட்டிக் கண்கள் முளைத்து நடந்தன. கொக்குகள் தங்கள் நிழல்மேலேயே கால் வைத்துப் போயின. கப்பல் ஒன்று வானத்தில் மிதப்பதுபோல் நின்றது. நாங்களும் மிதந்தோமோ என்னவோ. நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?

நாலு மணிக்குச் சாந்தி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். மூன்றாவது அடியில், "ஐயோ போதும் அங்கிள், தூக்கி விடுங்க!" இரண்டு பேர் இழுத்தோம். ஊருக்கு நான் சொன்ன கணக்கு எட்டுப் பேர். சேற்றுக் கையோடே பைலில் 'பாதை வேண்டும்' என்று எழுதினாள்.

உன் வருஷத் திதியன்று பார்வதி அந்தப் பலகைமேல் தனியாக நடந்தாள். கடைசிப் பலகையில் குனிந்து, பூவைத் தன் கையால் விட்டாள். வெகுநேரம் தண்ணீரை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

திரும்பி வந்ததும் கேட்டாள், "அண்ணே, அவரு சொன்னத இன்னொரு தடவ சொல்லு." அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கேட்கிறாள். ஆஸ்பத்திரியில் நீ போன நேரம் அவள் சுடுதண்ணீர் வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

மாப்பிள்ளை, நீ அப்படிச் சொல்லவில்லை. கையையும் பிடிக்கவில்லை. கண்ணை மூடியபடி, "பார்வதி சாப்பிட்டுச்சா?" என்றாய். அவ்வளவுதான். இதைப் போய் ஓர் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் ஜோடித்ததைவிட அது எவ்வளவோ பெரிது. அவளுக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை அவள் கேட்கும்போது, ஒரு சொல்லும் கூட்டாமல் நீ கேட்டதை அப்படியே சொல்கிறேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் பெரிய மச்சான்