கடைசி வரிசையில் ரிஃபத்

அன்புள்ள ஃபஹீமாவுக்கு ஸலாம். உன் முட்டிவலி குறைந்ததா? மஸ்கட்டில் நான் நலம். தொப்பை என்னைவிட நலம்.

நீ அனுப்பிய பள்ளிக்கூட சுதந்திர தின வீடியோவை அறையில் எல்லோருக்கும் காட்டினேன். திரையில் முன்வரிசைப் பிள்ளை ஒன்றைத் தொட்டு, "இதுதான் என் மகள்" என்று பெருமையடித்தேன். அப்புறம்தான் உன் குரல் பதிவைக் கேட்டேன்: "ஏனுங்க, நம்ம ரிஃபத் கடைசி வரிசைங்க. உசரமாயிட்டா." கூடத் தங்கியிருக்கும் சூலூர் எபினேசர் விடவில்லை. "யூனிபார்ம் போட்டா எல்லாம் உங்க புள்ளைங்களா, பாய்?"

பெற்ற அத்தாவுக்கே அடையாளம் தெரியாதது யூனிபார்மின் கெடுதல்தான். ஆனால் மில் முதலாளி மகளும் என்னைப் போல் கிரேன் ஓட்டுகிறவன் மகளும் அங்கே ஒரே மாதிரி நிற்கிறார்கள். அதற்குப் பள்ளிக்கும், தினமும் தேய்த்துப் போட்டுவிடும் உனக்கும் நன்றி.

இனி வீடியோ எடுத்தால் முதலில் அவள் முகத்தைக் கிட்டத்தில் எடு. இப்போதைய சட்டை அளவையும் அனுப்பு. நான் ஆள் மாற்றிக் காட்டியதை அவளிடம் சொல்லிவிடாதே.

எபினேசர் ஊருக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெருநாளுக்கு வாங்கி வைத்த கவுனைக் கொடுக்கவில்லை. அது இனி அவளுக்குப் பத்தாது.

உன்,
அப்துல் வஹீது