படங்கள் நல்லாய் இருக்குது

ஜூன் 3, 1976. வியாழன்

புல் முழுக்க உறைபனி. மண்ணெண்ணெய் ஹீற்றர் மணத்தில் காலையிலேயே தலையிடி. ரயில் பிந்தியது. களஞ்சியத்து மேற்பார்வையாளன் சுவர் மணிக்கூட்டைக் காட்டினான். சரித்திரம் படிப்பித்தவன் இப்போது பெட்டிகளுக்கு இலக்கம் எழுதுகிறேன். சரி, போகட்டும்.

சனிக்கிழமை வாசகர் வட்டம். இந்த முறை எங்கள் வீட்டில், சிட்னியின் மேற்கே கிரவீனில். கதிரை இரவல் வாங்கவேண்டும். உழுந்து இருக்கிறதா பார்க்கவேண்டும்.

புத்தகம் என் தெரிவு. ஆபிரிக்காவின் சரித்திரமும் கலைகளும் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம், படங்களோடு. போன கூட்டத்தில் நான் பெயரைச் சொன்னபோது ஒருவர் கொட்டாவி விட்டார். இப்போது எல்லோருக்கும் திடீர் ஆர்வம். புத்தகத்தில் அல்ல, என் மகள் மாலினியில்.

வட்டத்தின் செயலாளர் கனகரத்தினம் ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். பெடியன் குகன், என்ஜினியர், தாயோடு குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறான். நேரே பெண் பார்க்க வந்து சரிவராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் பெயர் கெடுமாம். ஆகவே வாசகர்களாக வருவார்கள். பிள்ளை தேத்தண்ணி கொடுக்கும். பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் இலக்கியம். எங்கள் சனம் எந்த நாட்டுக்குப் போனாலும் மூளையை விட்டுவிட்டுப் போவதில்லை.

மாலினிக்கும் தெரியும். “பாத்தாப் போச்சு அப்பா, அவர் என்ன கடிக்கவே போறார்?” என்றாள்.

ஜூன் 4. வெள்ளி

நாள் முழுக்கக் காற்று. பின்வளவு வேலி சாய்ந்துவிட்டது. வீட்டுக்குள்ளும் காற்றுத்தான்.

கனகரத்தினம் அவர்களிடம் ‘குடும்பம் கனகாலம் வெளிநாட்டிலை இருந்தது’ என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் லண்டன் என்று நினைத்துக்கொண்டார்கள். மனிதர் திருத்தவில்லை. என் மனைவி பரமேசும் திருத்தவில்லை. நாங்கள் இருந்தது கானாவில், குமாசியில். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஊர். மாலினி சின்ன வகுப்பிலிருந்து பெரிய பிள்ளையாகும்வரை வளர்ந்த ஊர்.

“இஞ்சருங்கோ, நாளைக்குக் கானா கீனா எண்டு வாய் திறக்காதேங்கோ.”

“புத்தகமே ஆபிரிக்காவைப் பற்றித்தானே. நான் என்னத்தைக் கதைக்கிறது?”

“ஒண்டும் கதையாதேங்கோ. முதல் வந்த இடம் ஏன் குழம்பினது? காப்பிலியளோடை வளர்ந்த பிள்ளை எண்டுதானே? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் எண்டு சும்மாவே சொன்னவை?”

வேறு புத்தகம் எடுக்கலாமா என்று கனகரத்தினத்துக்கு ரெலிபோன் பண்ணிக் கேட்டேன். ஏலாதாம். குகன் போன கிழமையே பிளாக்டவுன் லைப்ரரியில் இதை எடுத்துவிட்டானாம்.

பரமேசு வீட்டைத் துடைத்து வழித்துவிட்டாள். சுவரிலிருந்த குமாசி நெசவுச் சீலை, பொன் நிறுக்கும் பித்தளைப் படிக்கற்கள், சின்ன முரசு, யாவ் செதுக்கித் தந்த மரப்பீடம், எல்லாம் கராஜுக்குள். யாவ் பக்கத்து ஊர் மரவேலைக்காரர். எனக்கு எந்த உரு பொருந்தும் என்று யோசிக்கவே ஒரு மாரிகாலம் எடுத்த மனிதர். பீடத்தின் மேல் இப்போது பெயின்ற் தகரங்கள். ஆபிரிக்கக் கலை பற்றிப் பேசுவதற்காக வீட்டிலிருந்த ஆபிரிக்கக் கலையை ஒளித்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

களஞ்சியத்தில் என்னைக் கறுவல் என்கிறவனுக்கு நானும் யாவும் ஒன்றுதான். எங்கள் ஆட்களுக்குத்தான் நுணுக்கமான தராசு.

ஆனால் பரமேசு அழுதாள். கராஜ் கதவை நானே பூட்டினேன்.

ஜூன் 5. சனி

வெயில், சூடில்லை. வழக்கமாக நாலைந்து பேர் வந்தாலே பெரிய காரியம். இன்று இரவல் கதிரையும் போதவில்லை.

கருத்துகள், மறக்கமுதல்:

கனகரத்தினம். முன்னுரையும் பின் அட்டையும் மட்டும் வாசித்திருக்கிறார். “வெள்ளைக்காரன் போகமுந்தி அங்கை எழுத்தே இல்லை. எழுத்தில்லாத சனத்துக்கு என்ன சரித்திரம்?” புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம் முழுக்கப் பாலைவன ஓரத்து நகரங்களின் கையெழுத்துச் சுவடிகள் பற்றியது. என் தொடையை நானே கிள்ளிக்கொண்டு இருந்தேன்.

டொக்ரர் சீனிவாசன், மதுரைக்காரர், நல்ல மனிதர், வாய்தான் நீளம். “இந்த முகமூடியப் பாருங்க சார், அப்படியே நம்ம ஊர் ஐயனார் கோயில் பூதம். எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான். குமரிக்கண்டம் முழுகுறதுக்கு முன்னாடி நடந்தே போயிருக்காங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சனம் தானாக ஒன்றைச் செய்தது என்று ஒப்புக்கொள்வதைவிடக் கடலை நடந்து கடப்பது எங்களுக்குச் சுகம்.

குகனின் தாய். பக்கங்களை விரல் நுனியால் புரட்டினார், ஈரம் காயாத பெயின்றைத் தொடுவதுபோல. “கைவேலை திறம்தான். எண்டாலும் பாக்கப் பயமாய்க் கிடக்கு. இதுகளுக்கு நடுவிலை பிள்ளை குட்டியோடை எப்பிடித்தான் இருக்கினமோ.”

“ஓம் அக்கா, நினைக்கவே ஏலாது” என்றாள் பரமேசு. குமாசிச் சந்தையில் அந்த ஊர்ப் பாஷையிலேயே விலை பேசிச் சண்டை பிடித்தவள். தக்காளி விற்கிற பெண்கள் இவளைக் கண்டால் தராசைச் சரிபார்ப்பார்கள்.

யாரோ மரப்பீடத்தின் படத்தைக் காட்டி, இப்படி ஒன்றை நேரில் பார்க்கக் கிடைக்குமா என்றார்கள். மியூசியத்துக்குத்தான் போகவேண்டும் என்றார் கனகரத்தினம். கராஜுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

பிறகு குகன். மெலிந்த பெடியன், நிதானமான குரல். புத்தகத்தைக் கடைசிவரை வாசித்தது அவன் ஒருவன்தான்.

“எனக்கு ஒரு விசயம் விளங்கேல்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழையும் அதை வாங்கின வெள்ளைக்காரன்ரை பேர் இருக்கு. செய்த ஆளின்ரை பேர் ஒண்டிலும் இல்லை. ஏன் அப்பிடி?”

இத்தனை வருடத்தில் இந்த வட்டத்தில் கேட்ட முதல் கேள்வி. எழும்பிப்போய்க் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

“அங்கிள், நீங்கள் சரித்திரம் படிப்பிச்சனீங்கள் எண்டு சொன்னவை. நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

பரமேசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகரத்தினம் செருமினார். மாலினி வடைத் தட்டத்தோடு குசினி வாசலில். எனக்குப் பெயர் தெரியும். யாவ் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மனிதரின் பெண்சாதி பெயர், அவருடைய உளியின் பெயர்கூடத் தெரியும்.

“படங்கள் நல்லாய் இருக்குது, தம்பி” என்றேன். “அச்சும் திறம்.”

இன்னும் ஏதாவது சொல்வேனென்று குகன் கொஞ்சநேரம் காத்திருந்தான். பிறகு மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினான். மாலினி தட்டத்தை நீட்டினாள். எனக்கு மட்டும் நீட்டவில்லை.

ஜூன் 6. ஞாயிறு

மழை. பல்லில் வலி. கதிரைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மிஞ்சின வடையைக் காலையும் மத்தியானமும் தின்றோம்.

மாலினி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். “பெடியன் எப்பிடி?”

“வடிவாய் வாசிச்சிருக்கிறார்” என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டு. காது சிவந்திருந்தது. அவளுக்குப் பிடித்திருக்கிறது. முதல் வந்த இடத்துப் பெடியனைப் பற்றிக் கேட்டபோது சேட்டின் நிறத்தைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை என்றவள்.

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நல்லது. வெட்கமாக இருக்கிறது. யாவுக்கு முன்னால் அல்ல, அவர் என்னை எப்போதோ மறந்திருப்பார். அந்தப் பெடியனுக்கு முன்னால்.

ஜூன் 8. செவ்வாய்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றமுதல் ரெலிபோன். கனகரத்தினம், குரலில் பாயாசம்.

“சாதகம் கேட்டிட்டினம் மாஸ்ரர்! தாய்க்கு எல்லாரையும்விட உங்களைத்தான் பிடிச்சுதாம். ‘தகப்பன் அளவாய்க் கதைக்கிற மனுசன், எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் காட்டேல்லை’ எண்டவ.”

ஆசிரியனாக இருந்த காலம் முழுக்க ஒருவரும் தராத நற்சான்றிதழ். வாய் மூடினதற்குக் கிடைத்தது.

பரமேசு விளக்குக் கொளுத்தினாள். சர்க்கரைப் பொங்கல். சாதகத்தைத் தேடி அலுமாரி முழுக்கக் கிண்டினாள். லண்டன் கதையை எப்போது திருத்துவது என்று கேட்டேன். “தாலி ஏறட்டும். பிறகு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?” மாலினி பொங்கலைக் கரண்டியால் அளைந்துகொண்டிருந்தாள். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 9. புதன்

வீட்டில் வெளிச்சம் இல்லை. பரமேசு குசினிக்குள் கதிரையில், இருட்டில். மின்சாரம் நின்றுவிட்டதா என்றேன். “மகளிட்டைக் கேளுங்கோ” என்றாள்.

மாலினி மத்தியானம் வேலையிடத்திலிருந்து குகனுக்கு ரெலிபோன் பண்ணியிருக்கிறாள். லண்டன் இல்லை, குமாசி என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடம், சந்தை, யாவ், மரப்பீடம், கராஜ், எல்லாம்.

“அவன் என்ன சொன்னவன்?” என்றேன்.

“தனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம். யாவைப் பற்றி எவ்வளவோ கேட்டவர். சிரிச்சுக் கதைச்சனாங்கள்.”

“பிறகென்ன பிள்ளை?”

“அம்மாவுக்கு இப்ப சொல்லவேண்டாமாம். மெல்லமாய்ச் சொல்லுவமாம். மெல்லமாய் எண்டா எப்ப எண்டு கேட்டன். அவருக்குத் தெரியேல்லை. அப்ப நான் வேண்டாம் எண்டிட்டன்.”

“அவன் நல்ல பெடியனம்மா.”

“தெரியும் அப்பா. அதுதான் போனை வைச்சிட்டு வேலையிலை பாத்றூமுக்குள்ளை நிண்டு அழுதனான்.” மூக்கை உறிஞ்சினாள். “அந்த வீட்டுக்குப் போனா நானும் ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் இருக்கவேணும். அண்டைக்கு நீங்கள் இருந்த மாதிரி. ஐ கான்ற், அப்பா. நான் உங்கடை முகத்தைப் பாத்தனான்.”

பரமேசு குசினிக்குள்ளிருந்து தன் தலையெழுத்தைத் திட்டினாள். கானாவுக்கு வேலை எடுத்துப் போன என்னைத் திட்டினாள். பிறகு, பழக்கதோஷம், எல்லோருக்கும் சோறு போட்டாள். ஒருவரும் சாப்பிடவில்லை.

ஜூன் 12. சனி

நல்ல வெயில். பல் கொஞ்சம் சுகம். வேலியை நிமிர்த்தி இரண்டு ஆணி அடித்தேன், திரும்பவும் சாய்கிறது.

ஊருக்குள் கதை: பெடியன் வீட்டார்தான் வேண்டாம் என்றார்களாம். சீனிவாசன் ரெலிபோனில் ஆறுதல் சொன்னார். “விடுங்க சார், நம்ம பொண்ணுக்கு இதைவிட நல்ல இடம் அமையும்.” நன்றி என்றேன்.

கனகரத்தினம் பின்னேரம் நேரிலேயே வந்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், மனிதர் அடுத்ததைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். மெல்பேர்னில் ஒரு அக்கவுண்டன். தாய் தகப்பன் நல்ல சைவக் குடும்பம். வாற மாதம் சிட்னிக்கு வருகிறார்களாம். வாசகர் வட்டத்தை அப்போது வைக்கலாம், புத்தகம் ஏதாவது பக்தி இலக்கியமாய் இருக்கட்டும் என்றார். பரமேசு கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழும்பினாள்.

மாலினி அறைக்குள்ளிருந்து வந்தாள். சத்தம் போடவில்லை.

“அங்கிள், வரட்டும். ஆனா வரமுதலே அவையளுக்குக் குமாசி எண்டு சொல்லவேணும். அப்பா சொல்லட்டும். சொன்னா நான் தேத்தண்ணி கொண்டுவாறன்.”

கனகரத்தினம் என்னைப் பார்த்தார். பரமேசு குசினி வாசலில், கேத்திலைப் பிடித்தபடி, தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினாள். மாலினி என் முன்னால் நின்றாள். மூன்று பேரும் நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

“பாப்பம்” என்றேன்.