போகிக்கு ஒரு பறை

டெல்லி, 8-12-1965

அன்புள்ள நைனாவுக்கு மகள் அமிர்தவல்லி வணங்கி எழுதுவது. கமலக்கண்ணியம்மன் துணையால் நாங்கள் சுகம். செஞ்சியில் உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பெரிய விஷயமில்லை, கவலைப்படாதீர்கள். எதிர்வீட்டு சாரதா அம்மாள் வீட்டு விளக்குப் பூஜைக்குப் போனேன். என்னைக் காட்டிப் பக்கத்திலிருந்தவளிடம் “பரையா” என்று சொல்லிச் சிரித்தாள்.

“இன்னாங்க சொன்னீங்க?” என்றேன்.

“அது இங்கிலீஷ். உனக்கெதுக்கு?” என்றாள்.

குங்குமம் வாங்கிக்கொண்டு வந்து அகராதியைப் பார்த்தேன். ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று பொருள் போட்டிருக்கிறது. அந்தச் சொல் பிறந்தது தமிழிலாம் நைனா, உங்கள் தோளில் தொங்கும் பறையிலிருந்தாம்.

“உட்டுடு அமிர்தம்” என்கிறார் உங்கள் மருமகன். அரிசிக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு எல்லாம் நேராக வைத்திருக்கிறேன். இது ஒன்றுதான் தீராமல் நிற்கிறது.

பொங்கலுக்கு வரும் மாமாவிடம் சின்னப் பறையைக் கொடுத்தனுப்புங்கள். போகியன்று அவள் வாசலில் கொளுத்தும் நெருப்பிலேயே தோலைக் காய்ச்சி, அங்கேயே நின்று அடிக்கப்போகிறேன். போகிக்கு மேளம் கூடாதென்று யார் சொல்வது?

இங்கே பகலெல்லாம் பேச ஆளில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்த சாமி அடியை விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருப்பேன். சாவு அடிதான் மறந்துவிட்டது. அதை எழுதி அனுப்புங்கள்.

என்ன அடி என்று அவள் கேட்டால், “அது எங்க ஊரு பாஷை. உங்களுக்கெதுக்கு?” என்பேன்.

தபால் நேரமாகிவிட்டது.

அமிர்தவல்லி