அப்பா வரைந்த ஈரம்

அன்பு மகளுக்கு, அப்பாவும் அம்மாவும் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே சுவரைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இரண்டு கையிலும் பெயிண்ட், அதனால் பேனா என்னிடம் வந்திருக்கிறது அக்கா. யார் எதை விடச் சொன்னாலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன்.

நீ குழந்தையோடு வந்து தங்கப்போகும் அறையைப் பழைய மாளிகை போல ஆக்குகிறேன் என்று அப்பா இறங்கினார். முதலில் வெளிர்மஞ்சள் அடித்தார், காய்ந்ததும் பழுப்பு நிறத்தையும் சாம்பல் நிறத்தையும் தண்ணீராகக் கரைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி, ஓரங்களைக் கந்தல் துணியால் கலைத்தார். அசல் பூச்சு உதிர்ந்த சுவராகவே வந்துவிட்டது. வீட்டுக்கு வயசு ஏத்துறதுக்கு லீவு போட்ட மனுஷன் நீங்க ஒருத்தர்தான் என்றாள் அம்மா. ஆனாலும் ஜன்னல் பக்கத் திட்டு ஒன்றை மட்டும், இது நல்லா வந்திருக்கு என்று அவளே சொன்னாள். அப்பா அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

பிறகுதான் அறையில் ஈரவாடை. சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் கசிகிறது. பிளம்பர் வந்து சுவரைத் தடவினார், அப்பா காலையில்தான் இன்னொரு கோட் அடித்திருந்ததால் தொட்ட இடமெல்லாம் ஈரம். சார், இதுல எது நீங்க, எது பைப்பு என்று கேட்டார். அப்பா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். தெரியலைன்னா மொத்தச் சுவரையும் உடைக்கணும் என்றதும் அம்மா, பச்சைக் குழந்தையை இங்க படுக்க வைக்க முடியாது, இப்ப வர வேண்டாம்னு எழுதுடி என்றாள். எழுதாதே என்றார் அப்பா. இரண்டையும் எழுதிவிட்டேன்.

பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் புடைப்புக்கு நிழல் விழும், வரைந்ததற்கு விழாது என்று என் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. சொன்னேன். பிளம்பர் மட்டும் காது கொடுத்தார். விளக்கை அணைத்துச் சுவரோரமாக டார்ச் அடித்ததும் ஒரே ஒரு திட்டு தண்ணீர் ஊறி உப்பிக்கொண்டு நின்றது. அம்மா பாராட்டிய அதே திட்டு.

அங்கே மட்டும் உடைத்தால் போதுமாம், நீ வருவதற்குள் காய்ந்துவிடுமாம். அவசியம் வரச் சொல்லு என்கிறாள் அம்மா. குழந்தையின் போர்வையை மறக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அம்மா, அப்பா (கையெழுத்துக்குப் பதில் அவரது பழுப்புக் கட்டைவிரல் ரேகை)

மீதித் திட்டெல்லாம் நான் போட்டதுதானான்னு பார்த்துடறேன் என்று அப்பா டார்ச்சோடு திரும்பப் போகிறார். அறை விளக்கை அணைத்துவிட்டார்.