திட்டினால் ஓடும் இன்டர்நெட்

2003 ஆவணி, வியாழக்கிழமை

காலையிலிருந்து கடை ஆபீசில் ஒரே ஒரு பட்டுப்புடவைப் போட்டோவைச் சிங்கப்பூருக்கு அனுப்ப முடியவில்லை. பாதியில் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. மத்தியானத்துக்குள் வராவிட்டால் முகூர்த்தப் புடவையை வேறு கடையில் எடுத்துக்கொள்வதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

போட்டோவைச் சின்னதாக்கி அனுப்பலாம் என்றேன். முதலாளி விடவில்லை. "பார்டரும் பாடியும் சேர்ற எடத்துல ஒவ்வொரு இழையும் தெரியணும்மா. அதான் நம்ம கைவேலைக்கு அத்தாட்சி" என்று சொல்லிவிட்டு, டெலிபோன் லைன்மேன் ஏழுமலை அண்ணனைப் போன் போட்டு வரவழைத்தார்.

அவர் வெயிலில் கம்பம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "லைன் நல்லாதான் இருக்குது சார்."

முதலாளி வாசலிலேயே கத்தினார். "ஊரைச் சுத்திக்கினு இருந்துட்டு, கூப்ட்டா கதை சொல்றியா?"

அந்தச் சத்தத்துக்கு நடுவில் போட்டோவைச் சின்னதாக்கினேன். பார்டர் சேரும் இடத்தை மட்டும் தனியாக வெட்டி, இரண்டையும் அனுப்பினேன். ஐந்தே நிமிடம். பிடித்திருக்கிறது என்று பதிலும் வந்துவிட்டது.

"பாத்தியாமா? திட்னாதான் இவங்க வேலை செய்றாங்க" என்றார் முதலாளி.

ஏழுமலை அண்ணன் என் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு என்னை. சைக்கிளை எடுத்தார். சின்னதாக்கிய போட்டோவை நான் திரையிலிருந்து மூடினேன்.

நாளைக்கு ஆறு புடவைப் போட்டோ அனுப்ப வேண்டும். வேகமாகப் போனால் இன்று திட்டியதுதான் காரணம் என்பார். மெதுவாகப் போனால் மறுபடி திட்டுவார். இரண்டிலும் மாட்டுவது ஏழுமலை அண்ணன்தான், நான் வாயைத் திறக்கும்வரை.